மூணாவது இன்ஹேலர்

— நூத்தி அறுபது. நூத்தி அறுபது. எண்பத்தி நாலு. ஏம்மா, இங்க கொஞ்சம் வா.

— இஸ்திரி போட்டுட்டு இருக்கேன். அங்கேர்ந்தே சொல்லுங்க.

— சொல்ற விஷயம் இல்ல, பாக்கற விஷயம். வா.

— அவ சட்டை இன்னும் ரெண்டு பாக்கி. காலைல ஆறு மணிக்கு பள்ளிக்கூடத்து பஸ் கிளம்பிடும். நீங்க ஃபாரத்தை எழுதுங்க, போதும்.

— அதைத்தானே எழுதிட்டிருக்கேன். முகாமுக்கு வர்ற பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தா ரெண்டு இன்ஹேலர் குடுத்து அனுப்பணுமாம். ஒவ்வொண்ணுலயும் எத்தனை பஃப் மிச்சம்னு பின்பக்கம் இருக்கற நம்பரைப் பாத்து எழுதணுமாம். பின்பக்கம் இப்படி ஒரு நம்பர் இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— பிள்ளைக்குப் பதினோரு வயசு. ஆறு வயசுலேர்ந்து வீசிங். அப்பாவுக்கு இன்னைக்குத்தான் தெரியும். ரொம்ப நல்லா இருக்கு.

— வாங்கிட்டு வர்றது நான், குடுக்கறது நீ. நம்ம வீட்டு ஏற்பாடு அப்படி. இப்ப அது இல்ல பேச்சு. பீரோ மேல தகர டப்பா. டப்பாக்குள்ள மூணு நீல இன்ஹேலர். தட்டுப்பாடு வரப்போகுதுன்னு மருந்துக்கடைக்காரர் என் காதைக் கடிச்ச அன்னைக்கே ஓடிப்போய் வாங்குனது. மூணும் ஒரே நாள். மூணும் புதுசு. ஒவ்வொண்ணுலயும் இருநூறு இருக்கணும். எங்க இருக்கு?

— மூடி வைங்க முதல்ல. நான் வந்து பாத்து எழுதிக்கறேன். கண்ட கையை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் தொட்டு.

— கை கழுவியாச்சு. கேளு. ரெண்டுல நாப்பது நாப்பது குறையுது. அதுக்கு என்கிட்டயே பதில் இருக்கு. மூணாவதுல நூத்திப் பதினாறு குறையுது. அதுக்கு யாரு பதில் சொல்றது?

— அந்த நாப்பதுக்கு என்ன பதில்? அதைச் சொல்லுங்க.

— அது வந்து... சோதனை.

— என்ன சோதனை?

— ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டப்பாவை இறக்குவேன். ஒவ்வொண்ணையும் குலுக்கி ரெண்டு அமுக்கு. மருந்து வருதா, வருது. அட்டைல தேதியைப் போட்டு ஒரு கையெழுத்து. இதோ பாரு, மூணுக்கும் அட்டை கட்டியிருக்கேன். இருபது வாரம், இருபது கையெழுத்து. ஒரு வாரம் விடல.

— இது நீங்க இடம் இடமா சோதிக்கப் போறப்ப, தீயணைக்கற சிவப்பு சிலிண்டர்ல தொங்க விடற அட்டை.

— அதேதான். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.

— அடேங்கப்பா! பிள்ளையோட மூச்சுக்கே இன்ஸ்பெக்டர் ஐயா சீல் வச்சிருக்காரு. ஊர் முழுக்க அலைஞ்சாலும் கிடைக்காத மருந்து. அதை வாராவாரம் ஜன்னலுக்கு வெளிய பீச்சியடிச்சிருக்கீங்க!

— ஜன்னல் இல்ல. பாத்ரூம்ல.

— ஆமா, அது ரொம்ப முக்கியம்.

— கத்தாத. அடுத்த ரூம்ல குருவி இருக்கா.

— இருக்கட்டும். அவளும் கேக்கட்டும். மூணு நாப்பது நூத்தி இருபது. ஒரு தடவை மூச்சு முட்டுனா ஆறு பஃப் போடறோம். இருபது தடவை, இருபது தடவை அவளுக்கு மூச்சைத் திருப்பிக் குடுத்திருக்கும் அது. அத்தனையும் பாத்ரூம் சுவத்துக்கு. உங்களுக்கு மனசே உறுத்தலையா?

— எனக்கு அந்த நம்பர் தெரியாதுன்னு சொல்றேன்ல. என் சிலிண்டர்ல நம்பர் கிடையாது. ஒரு முள்ளு இருக்கும். பச்சைல நிக்குதா, சரி. இதுல முள்ளு இல்ல. அப்ப அமுக்கித்தானே பாக்கணும்?

— ஏன் பாக்கணும்? புதுசு, சீல் பிரிக்கல, அப்படியே விட்டா என்ன?

— நீ அந்த பஸ்ஸுல இல்ல.

— திரும்பவும் அந்த பஸ்ஸா.

— திரும்பவும் அந்த பஸ்தான். எப்பவும் அந்த பஸ்தான். நிக்கக்கூட இடம் இல்ல. குருவி என் இடுப்பைப் பிடிச்சுட்டு நிக்கறா. இழுக்க ஆரம்பிக்குது. நான் பையிலேர்ந்து எடுத்துக் குலுக்கறேன், வாயில வச்சு அமுக்கறேன். வெறும் காத்து. திரும்ப அமுக்கறேன். வெறும் காத்து. அவ என்னையே பாக்கறா. அப்பா ஏதோ பண்ணுவாருன்னு பாக்கறா. உதடு கலர் மாறுது. எவனோ ஒருத்தன் பஸ்ஸை நிறுத்தி, அவளைத் தூக்கிட்டு ஓடி... சாகற வரைக்கும் அந்தக் கண்ணு என்னை விடாது. அதுக்கப்புறம் அமுக்கிப் பாக்காத ஒண்ணை நான் நம்ப மாட்டேன். நம்பவே மாட்டேன்.

— சரி. விடுங்க. உக்காருங்க.

— நான் உக்காரல.

— புரியுதுங்க. நான் கோவத்துல பேசிட்டேன். எல்லாரும் பயத்துலதான் இருக்கோம். ரெண்டு நூத்தி அறுபது இருக்குல்ல? அந்த ரெண்டையும் முகாமுக்கு அனுப்பிடலாம். நம்பரை எழுதி கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சது விஷயம்.

— எப்படி முடிஞ்சது? என் நூத்தி இருபதை நான் ஒத்துக்கிட்டேன். திட்டுனே, வாங்கிக்கிட்டேன். மூணாவதுல என் நாப்பது போக இன்னும் எழுபத்தாறு இல்ல. அது எங்க?

— தயாரிக்கறவங்க குறைச்சுப் போட்டிருப்பாங்க.

— அமுக்குனாத்தான் நம்பர் இறங்கும். இப்பத்தான் ஃபாரத்துலயே படிச்சேன். யாரோ எழுபத்தாறு தடவை அமுக்கியிருக்காங்க.

— எலி அமுக்கியிருக்கும்.

— விளையாடாத.

— நான் விளையாடல, எனக்கு வேலை கிடக்கு. அவ துண்டு இன்னும் காயல. டார்ச்சுக்கு பேட்டரி வாங்கல. நீங்க உக்காந்து எழுபத்தாறுக்கு விசாரணை வச்சுக்கிட்டு இருக்கீங்க.

— உன் தம்பி போன மாசம் பத்து நாள் இங்க இருந்தான்.

— அதானே பாத்தேன். இன்னும் அவன் வரலையேன்னு நினைச்சேன். நம்ம வீட்ல குழாய் ஒழுகுனாக்கூட என் தம்பிதான் காரணம்.

— கேக்கறதுல என்ன தப்பு?

— நாலு மாடியை ஒரே மூச்சுல ஓடி ஏறுறவன். அவனுக்கு எதுக்கு இன்ஹேலர்?

— விக்கறதுக்கு. இப்ப இதுக்கு என்ன கிராக்கி தெரியுமா?

— விக்கறவன் முழுசாத் தூக்கிட்டுப் போவானா, இல்ல எழுபத்தாறு பஃப்பை மட்டும் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போவானா?

— ...அதுவும் சரிதான்.

— மூளையைக் கொஞ்சம் வேலைக்கு விடுங்க.

— அவன் இல்ல. நான் இல்ல. நீ... நீ என்னமோ மறைக்கறே.

— நான் என்னத்தை மறைக்கப் போறேன்?

— நான் நம்பரைச் சொன்னதும் நீ எட்டிக்கூடப் பாக்கல. வேற நாளா இருந்தா பிடுங்கிப் பாத்திருப்பே. மெத்தைக் கடை வேலை முடிஞ்சு மத்தியானமே வந்துட்டாலும், உடம்புல பஞ்சுத் தூசு இருக்கும்னு குளிக்காம பிள்ளைகிட்டயே போக மாட்டே. அப்படிப்பட்ட நீ, அவ மருந்து காணாமப் போனா எலிங்கறே, இஸ்திரிங்கறே. எனக்குத் தெரியும் இது. குருவிக்குத்தானே முட்டுக் குடுக்கறே?

— அவளை இதுல இழுக்காதீங்க.

— அப்ப அவதான்.

— அவ இல்ல.

— இழுக்காதேன்னு நீ சொன்ன வேகத்துலயே தெரியுது. குருவி! ஏய் குருவி! இங்க வா.

— வேண்டாங்க. நாளைக்குக் கிளம்பற பிள்ளை. போயிட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

— போறதா வேண்டாமாங்கறதே இப்பத்தான் முடிவாகப்போகுது. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகுற இடத்துக்கு அனுப்பறேன். நேத்துகூட மருந்துக்கடைக்காரர் கையை விரிச்சுட்டாரு. காலைலயும் ராத்திரியும் போடறது கிடைக்குது, அவசரத்துக்குப் போடற இந்த நீலம்தான் இல்ல. அடுத்த மாசம் வரலாம், அதுக்கடுத்த மாசம் வரலாம். வந்தாலும் வீட்டுக்கு ஒண்ணுதான். ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு இழுப்பு இருந்தாலும் ஒண்ணுதான், அடிச்சுக்குங்கன்னுட்டாரு. நல்லவேளை, நமக்கு ஒருத்திதான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. இஸ்திரிப்பெட்டி சூடாயிடுச்சு. அணைக்கறேன்.

— என்னப்பா? கூப்பிட்டீங்களா? ஷூவுக்கு லேஸ் மாட்டிட்டிருந்தேன். ஒரு பக்கம் நீளமா வருது, ஒரு பக்கம் குட்டையா வருது.

— வா குருவி. இங்க வந்து நில்லு. இது என்ன?

— இன்ஹேலர்.

— யாரோடது?

— என்னோடது. ஆனா இது பீரோ மேல இருக்கறதாச்சே. எதுக்கு இறக்குனீங்க?

— பின்னாடி நம்பரைப் படி.

— எண்பத்தி நாலு.

— எவ்வளவு இருக்கணும்?

— ...தெரியலப்பா.

— அம்மாவைப் பாக்காத. என்னைப் பாரு. இது அஞ்சு மாசமா டப்பாக்குள்ள இருக்கு. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? நான் தொட்டது போக எழுபத்தாறு பஃப் காணோம். யாரு?

— எனக்குத் தெரியாது.

— தெரியாதுன்னா ஏன் கண்ணு கலங்குது?

— விடுங்க அவளை. பயமுறுத்தாதீங்க.

— நீ சும்மா இரு. குருவி, அப்பா அடிக்கப்போறதில்ல. நிதானமாக் கேக்கறேன். இதுக்கு ரெண்டே அர்த்தம்தான் இருக்கு. ஒண்ணு, உனக்கு அடிக்கடி மூச்சு முட்டுது. எங்களுக்குத் தெரிஞ்சா முகாமுக்கு அனுப்ப மாட்டோம்னு ஒளிச்சு ஒளிச்சுப் போட்டுக்கறே. அப்படின்னா நாளைக்கு முகாம் கிடையாது, நேரா டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு, விளையாட்டுக்கு அமுக்கி வீணாக்கியிருக்கே. எது?

— விளையாட்டுக்கு.

— என்னது?

— விளையாட்டுக்குத்தான்பா. சும்மா.

— சும்மாவா? எழுபத்தாறு தடவை சும்மாவா? உனக்கு என்ன மருந்துன்னு தெரியுமா அது? எந்தப் பிள்ளை பண்ணினாலும் நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். நீ பண்ணலாமா குருவி? நீ?

— ஸாரிப்பா.

— எங்க வச்சு விளையாடுனே?

— வீட்லதான்.

— யாரோட?

— தனியா.

— தனியா எப்படி விளையாடுவே?

— பொம்மைக்கு... பொம்மைக்கு ஆஸ்துமான்னு.

— நீ பொம்மையைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. சரி. பீரோ மேல உனக்கு எப்படி எட்டுச்சு?

— ஸ்டூல் போட்டு ஏறுனேன்.

— ஸ்டூல் கால் உடைஞ்சு மாடிப்படிக்கு அடியில கிடக்கு.

— உடையறதுக்கு முன்னாடி.

— எங்க கையைத் தூக்கு. தூக்கு. பாத்தியா? ஸ்டூல் மேல நின்னாலும் டப்பா மூடி உன் விரல்ல படாது. கட்டில்லேர்ந்து எட்டாது. நான் தினம் பத்து பேரோட பொய்யைக் கேக்கறவன்மா. போன வாரம்தான் சோதிச்சோம் சார்னு சொல்லுவான், அட்டைல தூசு விரக்கடை நிக்கும். நீ பொய் சொல்றே.

— சொல்லல.

— போதுங்க. நிறுத்துங்க. அவ மூச்சு மாறுது பாருங்க.

— மாறல. அவ அழறா. எனக்கு வித்தியாசம் தெரியும். குருவி, கடைசியாக் கேக்கறேன். முகாம் வேணுமா வேண்டாமா? எட்டு மாசமா அதையே பேசிட்டிருக்கே. கூடாரம், ஏரி, படகு. தலைகாணிக்கடியில அந்த நோட்டீஸை வச்சுத் தூங்கறே. உண்மையைச் சொன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்.

— எனக்கு வேண்டாம்பா.

— என்ன?

— முகாமுக்கு நான் போகல. ஃபாரத்தைக் கிழிச்சுடுங்க.

— கண்ணு, அப்படிச் சொல்லாதடி...

— நான் போகலம்மா. நெசமாவே போகல. எனக்கு மூணு நாள் அங்க இருக்க முடியாது.

— ஏன் முடியாது? நேத்து வரைக்கும் குதிச்சுட்டிருந்தவ.

— சும்மா குதிச்சேன்பா.

— இந்த வீட்ல எல்லாமே சும்மாதானா? சரி. நல்லது. கிழிச்சாச்சு, இதோ. இனிமே டப்பா வீட்லயும் கிடையாது. நான் வேலை பாக்கற இடத்துல எனக்கு ஒரு இரும்பு அலமாரி இருக்கு. மூணும் அங்க போகுது. பூட்டிச் சாவியை என் இடுப்புல மாட்டிக்கறேன். உன் பையில இருக்கற ஒண்ணு உனக்குப் போதும். அதுல நாப்பது இருக்கு, இப்பத்தான் பாத்தேன்.

— அப்பா, வேண்டாம்பா. பூட்டாதீங்க.

— பூட்டுவேன்.

— ஃபாரத்தைக் கிழிச்சீங்க, நான் ஒண்ணும் சொல்லல. என்னை அடிங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். டப்பாவை மட்டும் கொண்டு போகாதீங்கப்பா. கெஞ்சிக் கேக்கறேன்.

— அதான் உன்னோடது உன் பையில இருக்கே. அப்புறம் என்ன?

— என் பை என்னோட பள்ளிக்கூடத்துக்கு வந்துடும்ல.

— வந்தா என்ன? நீ இருக்கற இடத்துலதானே மருந்து இருக்கணும்?

— நான் வீட்டுக்கு வர நாலரை ஆகும். நீங்க வர ஆறரை ஆகும். அதுவரைக்கும் வீட்ல ஒண்ணுமே இல்லாமப் போயிடும்பா. சாவி உங்ககிட்ட இருந்தா யாருப்பா ஓடி வருவாங்க?

— யாருக்கு ஓடி வரணும்? நீ பள்ளிக்கூடத்துல இருக்கும்போது வீட்ல யாரு... ஏன் அழறே? யாருக்காக இப்படி அழறே?

— அம்மா, நீயே சொல்லும்மா. எனக்கு இதுக்கு மேல பொய் வரலம்மா.

— அவளை விடுங்க. அந்த எழுபத்தாறும் நான் இழுத்ததுங்க, மூணு மாசமா. எப்படி அமுக்கணும், உள்ள இழுத்துட்டு எத்தனை எண்ணணும்னு அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா.